கழுவப்பட்ட இருள்

ஷார்த்ர் பேராலயத்தை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு சினிமா. ஆர்சன் வெல்ஸ் எடுத்த ‘எஃப் ஃபார் ஃபேக்’. 1973இல் வந்த படம். படம் முழுக்கப் போலிகள்: போலி ஓவியம் வரைகிறவர், போலிச் சுயசரிதை எழுதியவர், நடுநடுவே வித்தை காட்டும் வெல்ஸ். இந்தக் கும்மாளத்துக்கு இடையில் திடீரென்று எல்லாம் அடங்கி, மங்கலில் ஒரு கோயில் தெரியும். கட்டியவன் பெயர் இல்லாத, கையெழுத்து இல்லாத வேலை என்று அதை நம் முன் நிறுத்துவார். கல்லூரியில் படித்தபோது லேப்டாப்பில் பார்த்துவிட்டு, இத்தனை போலிகளுக்கு நடுவே இது ஒன்றுதான் அசல் என்று மனதில் குறித்துக்கொண்டேன். உள்ளே எப்படி இருக்கும் என்பதையும் நானே கற்பனை செய்துகொண்டேன். கரிய கல், குகை மாதிரி இருட்டு, அதில் தணலாய்க் கனலும் நீலக் கண்ணாடி.

2018 ஜூனில் போகக் கிடைத்தது. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கூட வந்த நண்பன் மதுரைக்காரன், புகைப்படக்காரன், பாரிஸில் வேலை. போஸ் சமவெளியின் கோதுமை வயல்களைத் தாண்டிக்கொண்டிருந்தபோது ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே இரண்டு கோபுரங்கள் தெரிந்தன. ஒன்றுக்கொன்று ஜோடி சேராத கோபுரங்கள். தெற்கே இருப்பது 12ஆம் நூற்றாண்டுக்காரரின் அலங்காரமில்லாத கூம்பு, 105 மீட்டர். வடக்கே இருப்பதன் உச்சி 1506இல் இடி விழுந்து எரிந்தபின் கட்டியது, பூவேலையும் சரிகையுமாக 113 மீட்டர். நடுவில் முந்நூறு வருடத்துக்குக் குறையாத இடைவெளி. பொருத்தமில்லையே என்று யாரும் ஒன்றை இடித்து மற்றதைப் போலக் கட்டவில்லை. இதை அப்போது நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு நினைவுக்கு வந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்கு ஏமாற்றம்தான்.

“என்னடா இது, கும்பாபிஷேகத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு?”

வாய்விட்டே சொல்லிவிட்டேன். நான் எதிர்பார்த்த கரிய கல் எங்கும் இல்லை. நடுக்கூடத்தின் தூண்கள், சுவர்கள், 37 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளைகூரை எல்லாம் வெண்ணெய் நிறம். மேல் வரிசைச் சாளரங்களிலிருந்து வந்த வெளிச்சம் அந்தச் சுவர்களில் பட்டுத் தெறித்துக் கூடம் முழுக்கப் பரவிக் கிடந்தது. ஒரு நல்ல, சுத்தமான, புதிய மண்டபம். எனக்குப் புதிய மண்டபம் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

“கழுவிட்டாங்க,” என்றான் நண்பன். “பெரிய சண்டையே நடந்துச்சே, படிக்கலையா நீ?”

படித்ததில்லை. அன்று இரவும் அடுத்த சில மாதங்களும் படித்தேன். இந்தக் கட்டுரை அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதைப் பற்றியது. சண்டைக்குப் பெயர் மராமத்து. ஆனால் அதற்குள் இருப்பது வேறொரு கேள்வி. ஒரு கலைப்படைப்பின் உண்மையான முகம் எது? அது பிறந்த நாளில் இருந்த முகமா, காலம் அதற்குக் கொடுத்த முகமா?

சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் பிரெஞ்சு அரசு பேராலயத்தின் உட்புறத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கியது. பலிபீடப் பகுதி முதலில், பிறகு நடுக்கூடம். 2014 டிசம்பரில் அமெரிக்கக் கட்டடக்கலை விமர்சகர் மார்ட்டின் ஃபில்லர் ‘நியூயார்க் ரெவ்யூ ஆஃப் புக்ஸ்’ இணையதளத்தில் கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். எண்ணூறு வருடத்து அனுபவத்தையே துடைத்தழித்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். பழைய சின்னங்களைப் பராமரிப்பதற்கு 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனத்தையே இது மீறுகிறது என்றார். இடைக்காலக் கண்ணாடி ஓவியங்களில் பெரும் புலமை கொண்ட மேடலின் கேவினெஸ் போன்றவர்கள் அவருக்கு மறுப்பு எழுதினார்கள். அவர்களுடைய பதில் எளிமையானது. நீங்கள் நேசிக்கிற இருட்டு கட்டியவர்கள் வைத்ததல்ல. அது மெழுகுவர்த்திப் புகை, விளக்குக் கரி, தூசி.

இங்கேதான் எனக்கு முதல் அடி. கரிக்கு அடியில் வெறும் கல் இருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் சுண்ணச்சாந்துப் பூச்சு, பெரும்பகுதி சேதமில்லாமல், அப்படியே இருந்தது. அதன்மேல் மஞ்சள் காவி நிறம். அந்தக் காவியின்மேல் வெள்ளைக் கோடுகள். கோடுகள் எதற்கு? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இணைப்பு போலத் தெரிவதற்கு! கட்டியவர்கள் நிஜக் கற்களை அடுக்கினார்கள், அவற்றைச் சாந்தால் மூடினார்கள், பிறகு மூடிய சாந்தின்மேல் இன்னும் ஒழுங்கான, இன்னும் அழகான பொய்க் கற்களை வரைந்தார்கள். வரைந்த கோடுகள் அடியில் இருக்கும் நிஜ இணைப்புகளோடு பொருந்துவதுகூட இல்லை.

வெல்ஸுக்கு இது தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். போலிகளைப் பற்றிய படத்தில் அவர் அசலாகக் காட்டிய கட்டடமே பொய்க்கல் வரைந்துகொண்டு நின்ற கட்டடம். நான் அசல் என்று கற்பனை செய்துவைத்திருந்த கருப்போ புகை.

இப்போது கட்டியவர்களின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்க்கலாம். 1194 ஜூன் 10ஆம் தேதி முந்தைய பேராலயம் எரிந்துபோகிறது. மேற்கு முகப்பும் அதிலிருந்த மூன்று பெரிய சாளரங்களும் பிழைக்கின்றன. மற்றதையெல்லாம் ஒரு தலைமுறைக்குள் திரும்பக் கட்டிவிடுகிறார்கள். அதற்கு ஐம்பது வருடம் முன்பு, 1144இல், பாரிஸுக்கு அருகே சன் தெனியில் சுஜேர் என்ற மடாதிபதி சுவரைத் திறந்து கண்ணாடி வைத்து ஒரு புதிய வழியைக் காட்டியிருந்தார். ஷார்த்ரில் அந்த வழியை எல்லை வரைக்கும் கொண்டுபோனார்கள். கூர்வளைவுகளும் கல் விலாக்களும் கூரையின் பாரத்தைச் சுவர் முழுக்கப் பரப்பாமல் குறிப்பிட்ட புள்ளிகளுக்குக் கொண்டுவருகின்றன. அந்தப் புள்ளிகளில் வெளியே எட்டித்தள்ளும் பாரத்தை, கட்டடத்துக்கு வெளியே நிற்கும் கல் வளைவுகள் தாங்கிக்கொள்கின்றன. சுமக்கிற வேலை போய்விட்டதால் சுவர் காலியாகிவிடுகிறது. காலியான இடத்தில் கண்ணாடி. 170க்கும் மேற்பட்ட சாளரங்கள், சுமார் 2,600 சதுர மீட்டர்.

ஆனால் அந்தக் கண்ணாடி நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி அல்ல. அடர்ந்த நீலம், அடர்ந்த சிவப்பு. ஒளியை உள்ளே விடுவதைவிடத் தடுப்பதே அதிகம். எவ்வளவு பெரிதாகத் திறந்தாலும் உள்ளே வருவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைச் சிந்தாமல் பிடித்துக் கூடம் முழுக்கக் கொடுக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் வெளிர் நிறச் சுவர். கண்ணாடியும் சுவரும் ஒரே கருவியின் இரண்டு பாகங்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாதிக் கருவியைப் பார்த்துவிட்டு முழுக் கருவி என்று நாம் இருநூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சரி, அப்படியானால் விஷயம் முடிந்துவிட்டதா? இல்லை. ஏனென்றால் அன்று நான் பார்த்ததில் இன்னொன்றும் இருக்கிறது.

நான் போன சமயத்தில் மராமத்து பாதியில் நின்றிருந்தது. சிலுவை வடிவக் கட்டடத்தின் இரண்டு கைகள், அதாவது வடக்குத் தெற்குக் குறுக்குக் கூடங்கள், அப்போது இன்னும் கழுவப்படவில்லை. நான்கு கூடங்களும் சந்திக்கிற இடத்தில் போய் நின்றால், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு வெளிச்சங்கள். மேற்கிலும் கிழக்கிலும் வெண்ணெய். வடக்கிலும் தெற்கிலும் கரி. இப்படி ஒரு சோதனைக்கூடம் யாருக்கும் திட்டமிட்டுக் கிடைக்காது.

வடக்குக் கையில் போய் நின்றேன். நான் கனவு கண்ட ஷார்த்ர் அங்கே இருந்தது. காஸ்டீல் நாட்டு இளவரசியாகப் பிறந்து பிரெஞ்சு அரசியான பிளான்ஷின் கோட்டைச் சின்னங்களும் பிரான்சின் லில்லிப் பூக்களும் பதித்த பெரிய ரோஜா சாளரம், எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கியது. சுவர் என்ற ஒன்றே அங்கே இல்லை. முதலில் சிவப்பு தெரிந்தது. இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கண் பழகியதும் நீலம் மட்டும் மெல்ல முன்னால் வந்தது. உடம்பு சிலிர்த்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலிர்த்தது.

“போன்ல எடுத்துப் பாரு,” என்றான் நண்பன்.

எடுத்தேன். இருண்ட கையில் சாளரம் அச்சுக் குத்தினாற்போல வந்தது, சுவர் வெறும் கறுப்பு. திரும்பி நடுக்கூடத்தில் எடுத்தேன். சுவர் அழகாக வந்தது, சாளரங்கள் வெளுத்துப்போயின.

“பாத்தியா? ரெண்டையும் ஒண்ணா எடுக்க முடியாது. சுவத்துக்கு வச்சா கண்ணாடி போச்சு, கண்ணாடிக்கு வச்சா சுவர் போச்சு. உன் கண்ணும் இதத்தான் பண்ணுது, கொஞ்சம் நைசா பண்ணுது, அவ்ளோதான்.”

அவன் சொன்னதை நான் இரண்டு வழியில் சரிபார்த்தேன். ஒன்று, வடக்கு ரோஜாவில் நேர் வெயில் விழாது, அதனால் ஒப்பீடு நியாயமில்லை என்று தோன்றித் தெற்குக் கைக்கும் போனேன். அங்கும் அப்படித்தான். வெயில் வேறாக இருந்தாலும் கரிச்சுவர் சாளரத்தைத் தூக்கிக் கொடுத்தது. இரண்டு, இதற்கு உடலியல் காரணமே இருக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு மங்கி நீலம் ஒப்பளவில் பிரகாசமாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் புர்கின்யே என்ற செக் அறிஞர் கவனித்துச் சொன்னது. அந்தியில் செம்பருத்தி கறுத்துப்போய்ச் சங்குப்பூ மட்டும் தெரிவது இதனால்தான். ஆக, உலகம் புகழ்கிற அந்த ‘ஷார்த்ர் நீலத்தில்’ ஒரு பங்கு கண்ணாடி செய்தவனுடையது, ஒரு பங்கு மெழுகுவர்த்திப் புகையுடையது, ஒரு பங்கு நம் விழித்திரையுடையது.

ஃபில்லர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். கழுவியதில் ஒரு அனுபவம் நிஜமாகவே போய்விட்டது. அதைக் கரி, தூசி என்று சொல்லித் தள்ளிவிடுவது சரியில்லை. ரொதேன் பிரான்சின் பேராலயங்களைப் பற்றிப் புத்தகம் போட்டது 1914இல். ஹுயிஸ்மன்ஸ் இந்த ஒரு பேராலயத்தையே நாவலாக எழுதியது 1898இல். அவர்கள் நின்று பார்த்தது கரி படிந்த ஷார்த்ரைத்தான். ஒரு இலக்கியமே அந்த இருட்டுக்குள்ளிருந்து வந்திருக்கிறது.

இதைப் பரிமேலழகரை வைத்து யோசித்தால் நமக்கு நன்றாகப் புரியும். குறளைப் பரிமேலழகர் இல்லாமல் படிக்க முடியுமா? முடியும், படிக்கவும் வேண்டும். ஆனால் எழுநூறு வருட உரை ஒரு நூலின் மேல் படிந்தபின் அது நூலின் நிறமாகவே ஆகிவிடுகிறது. உரையை நீக்கிப் பார்த்தால் முதலில் நமக்கு ஏமாற்றம்தான் வரும். ‘இவ்வளவுதானா?’ என்று. அந்த ஏமாற்றம் மூலத்தின் குறையல்ல. பழக்கத்தின் அழுகை. கூடத்தில் நின்று நான் அழுததும் அதுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உரையை நீக்கிப் படித்தாலும் உரை நூலகத்தில் இருக்கும். கரியைத் துடைத்தால் கரி போனது போனதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே மராமத்து செய்கிறவர்கள் நடுங்கிக்கொண்டு செய்யவேண்டும். வெனிஸ் சாசனம் கேட்பதும் இதைத்தான்: எல்லாக் காலங்களும் சேர்த்தவற்றை மதி, ஊகம் தொடங்கும் இடத்தில் மராமத்தை நிறுத்து. புகை ஒரு காலம் ‘சேர்த்த’ ஒன்றா? யாரும் அதை நினைத்துச் செய்யவில்லை. யாருடைய கையும் அதில் இல்லை. அடியில் இருந்த பூச்சோ ஊகமல்ல, கண்முன்னே இருந்த சான்று. சுவரைப் பொறுத்தவரை, மனமில்லாமல்தான், கழுவியவர்கள் பக்கம் நிற்கிறேன்.

மனமில்லாமல் ஏன் என்றால், ‘முதல் நாள் ஒளி’ என்ற ஒன்று ஏற்கெனவே திரும்பி வராத தூரத்துக்குப் போய்விட்டது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த குருமார் பலிபீடத்துக்குப் பின்னால் பிரிதான் செதுக்கிய பளிங்கு மாதாவை வைத்தார்கள். அவள் நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் சில வண்ணச் சாளரங்களை எடுத்துவிட்டு வெளிர் கண்ணாடி போட்டார்கள். பளிங்கு இன்னும் அங்கேதான் நிற்கிறது, வெளிச்சமும் கூடத்தான் வருகிறது. 1836இல் மேற்கூரையின் மரச்சட்டம் முழுக்க எரிந்து அதற்குப் பதில் இரும்பு வந்தது. இரண்டு உலகப்போர்களிலும் சாளரங்களைக் கழற்றி ஒளித்துவைத்துத் திரும்ப மாட்டினார்கள். 13ஆம் நூற்றாண்டுச் சுவர் நிறத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். அந்த நிறத்தில் விழுந்த 13ஆம் நூற்றாண்டு ஒளியைக் கொண்டுவர முடியாது. இதைத் தெரிந்துகொண்டு கழுவினால் அது மராமத்து. முதல் நாளையே மீட்டுவிட்டோம் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்க்கல் கோடுதான்.

சுவரில் இவ்வளவு தூரம் விட்டுக்கொடுத்த நான் ஒரு இடத்தில் கொடுக்கமாட்டேன். அது தூண் மாதா.

பலிபீடப் பகுதியைச் சுற்றிப் போகும் வழியில், வடக்குப் பக்கம், ஒரு தூணின்மேல் மரத்தால் செய்த மாதா இருக்கிறாள். 16ஆம் நூற்றாண்டுச் சிலை. தலைமுறை தலைமுறையாக அவள் முகம் கறுப்பு. கறுப்பு மாதா என்றே ஜனங்கள் அவளைத் தேடி வந்தார்கள். மராமத்துக்காரர்கள் அவள் முகத்தையும் வெளுத்துவிட்டார்கள். இப்போது அவளுக்கு ரோஜா நிறக் கன்னம். கறுப்பு பின்னால் வந்தது, முதல் நிறம் இதுதான் என்பது அவர்கள் வாதம். நிறத்தைப் பற்றி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். நான் அங்கே நின்றபோது வயதான அம்மா ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நிமிர்ந்து பார்த்து, சற்று நேரம் அப்படியே நின்றார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எங்கள் ஊர்ப் பிள்ளையார் ஞாபகம் வந்தது. எண்ணெய் ஏறி ஏறி முகமே தெரியாமல் போனவர். சோப்புப் போட்டுக் கழுவினால் யாரோ ஒரு சிற்பியின் நல்ல வேலை வெளியே வரலாம். ஆனால் என் பாட்டி கும்பிட்டது அந்தச் சிற்பியின் வேலையை அல்ல.

சுவருக்கும் சிலைக்கும் நான் வேறு வேறு நியாயம் பேசுகிறேனா? ஆமாம். சுவரின் வேலை ஒளியைப் பிடித்துக் கொடுப்பது. கரி அந்த வேலையைக் கெடுத்தது. மாதாவின் வேலை பார்க்கப்படுவது, வேண்டப்படுவது. கறுப்பு அந்த வேலையைக் கெடுக்கவில்லை, சொல்லப்போனால் அதைச் செய்ததே கறுப்புதான். ஒரு பொருளின் வேலை என்ன என்று கேட்காமல், முதலில் எந்த நிறத்தில் இருந்தது என்று மட்டும் கேட்கிற மராமத்து ஆய்வகத்துக்குச் சரி. ஆட்கள் வந்து முழங்காலிடுகிற இடத்துக்குப் போதாது.

கிளம்புவதற்கு முன் இன்னொரு மாதாவையும் பார்த்தேன். எதிர்ப்புறம், தெற்குப் பக்கச் சாளரத்தில், கண்ணாடியில் இருப்பவள். ‘அழகிய கண்ணாடி மாதா’ என்று பெயர். 1194 தீக்கு முன்பு, 1180ஐ ஒட்டிச் செய்யப்பட்டு, தீக்குத் தப்பியவள். அந்தக் கால நீலக் கண்ணாடி சோடா சேர்த்துச் செய்தது. மற்றக் கண்ணாடிகள் மழையிலும் காற்றிலும் அரித்துப்போனபோது அது அரிக்காமல் நின்றது. புதிய கோயில் கட்டியவர்கள் அவளைத் தூக்கிப்போடவில்லை, பழைய கோயிலையும் திரும்பக் கட்டவில்லை. புதிய சாளரத்தின் நடுவில் அவளை வைத்து, சுற்றிலும் தங்கள் காலத்துத் தேவதூதர்களைச் செய்து நிறுத்தினார்கள். உற்றுப்பார்த்தால் இரண்டு நீலத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது. வெளியே நிற்கிற ஜோடி சேராத கோபுரங்கள் அப்போது ஞாபகத்துக்கு வந்தன. பழையதை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்று இந்தக் கட்டடத்துக்கு ஏற்கெனவே தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நான் நின்ற இடம் கழுவிய பகுதி. சுற்றிலும் வெண்ணெய் நிறம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே மேகம் வந்திருக்கவேண்டும். கூடத்தின் வெளிச்சம் மெல்ல இறங்கியது. சுவர்கள் வெண்ணெயிலிருந்து சாம்பலுக்குப் போயின. தேவதூதர்களின் சிவப்புச் சிறகுகள் அணைந்தன. அவளுடைய நீலம் மட்டும் அணையவில்லை. வடக்குக் கையில் பார்த்த அதே நீலம், இங்கே, சுத்தமான சுவர்களுக்கு நடுவில்.

ஒரு நிமிடம் இருக்கும். மேகம் விலகியது, எல்லாம் பழையபடி வெளுத்தது.

“எடுத்தியா?” என்று கேட்டேன்.

“இல்லடா. பாத்துட்டே இருந்துட்டேன்,” என்றான்.